கழுத்து வளைந்த வேலர்

"நான் வர்றதுக்குள்ள காலைத் தூக்கிப் பால்ல வச்சே, தோலை உரிச்சுத் தோரணம் கட்டிப்புடுவேன், ஆமா!"

மயிலைப் பசுவை இப்படி மிரட்டிவிட்டு, பாதிக் கறவையில் எழுந்து ஓடுகிறாள் சத்யபாமா. கையில் ஓர் எவர்சில்வர் கிண்ணம். பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மாள் டோ கின் மத்தியானம் மீன்குழம்புச் சேமியாவான மொஹிங்கா ஊற்றிக் கொண்டுவந்த கிண்ணம் அது. கழுவிக் கவிழ்த்தவள் மறந்துபோனாள். இப்போது பொழுது சாயப்போகிறது. வெறுங்கிண்ணமாகக் கொடுக்கலாமா? இரண்டு கரண்டித் தயிரை ஊற்றி, வாழையிலைத் துண்டால் மூடி, லொங்ஜிக் கைலியை ஏற்றிச் செருகிக்கொண்டு, சாக்கடைப் பலகையைத் தாண்டிப் போய்க் கொடுத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வருகிறது. மயிலை காலைத் தூக்கவில்லை. அதற்கு அவளைத் தெரியும்.

அடுத்தவர் பொருள் தன் வீட்டில் ராத்தங்கக் கூடாது. சத்யபாமாவின் சட்டப் புத்தகத்தில் இருப்பது இந்த ஒரே சட்டம்தான். அவள் புருஷன் பழனியப்பன் காலையில் பால் கேனைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ரங்கூன் நகரின் நடுவில் இருக்கிற கியாக்டடாவுக்குப் போவார். சூலே பகோடா பக்கத்தில் ஷம்சுதீன் பாயின் டீக்கடைக்கு வாடிக்கையாக ஊற்றுகிறார். ஒருநாள் பாயின் கடைக் கரண்டி ஒன்று எப்படியோ கேனுக்குள் விழுந்து வீடு வந்து சேர்ந்துவிட்டது. நாளைக்குக் கொடுத்தால் என்ன என்று அந்த மனிதர் கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. அதே பஸ்ஸில், அதே நெரிசலில், ஒரு தேக்கரண்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஊருக்குள் போய்த் திரும்பினார். ஷம்சுதீன் பாய் இன்றைக்கும் அவரைப் பார்த்தால், "என்ன பழனி, இன்னைக்கும் கரண்டியோட வந்திருக்கீங்களா?" என்றுதான் கேட்கிறார்.

அவர்கள் குடியிருக்கிற ஷ்வேப்யிதாவில் மாடு மேய்ப்பது சாமானியக் காரியம் இல்லை. ஒரு பக்கம் தையல் தொழிற்சாலை, ஒரு பக்கம் நூடுல்ஸ் தொழிற்சாலை, நடுவே வாய்க்கால். அந்த வாய்க்கால் கரைப் புல்தான் சத்யபாமாவின் சாம்ராஜ்யம். ஐம்பது வயதைத் தாண்டியவள். குரல் மட்டும் தொழிற்சாலைச் சங்குக்கு ஈடு கொடுக்கும். காவல்காரர்களிடம் பர்மிய மொழியில் நைச்சியமாகப் பேசி, "உங்க புல்லை நீங்க வெட்டுனா கூலி, எங்க மாடு வெட்டுனா சும்மா" என்று சொல்லி, மதில் உள்பக்கத்துப் புல்லையும் மேய்த்துவிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வரும் தையல்காரப் பெண்கள், "டோ சத்யா, டோ சத்யா" என்று, அத்தை என்கிற மாதிரி மரியாதையாகக் கூப்பிட்டு அவள் வாயைக் கிளறுவார்கள். அவள் திட்டினால் அவர்களுக்குப் பொழுது போகும்.

ஆனால் அந்தத் திட்டு எல்லோருக்கும் கிடைத்துவிடாது. வெளியாளுக்கு 'நீங்க', 'வாங்க', 'உக்காருங்க' தான். 'வாடி', 'போடா', 'நில்லுடி' எல்லாம் சொந்த மனிதர்களுக்கும் சொந்த மாடுகளுக்கும்; புருஷன் ஒருவர்தான் விதிவிலக்கு. சத்யபாமா ஒருவருக்கு மரியாதை கொடுக்கிறாள் என்றால் அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொழுவத்தின் மூலையில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு சிமெண்டு மேடை. அதில் நட்டு நிற்பவர்தான் வேலர். கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு, அதன் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வேலின் இலை. ஆனால் அந்த இலை தண்டோடு நேராக நிற்காமல், கழுத்து வளைந்து முன்பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை, வெறும் விளிம்புதான். ஒரு தைப்பூசத்துக்கு வந்த குருக்கள் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது வேல் மாதிரி இல்லையே?" என்றார். "சாமி குனிஞ்சு எங்களைப் பாக்குது. உங்களுக்கு அது பழக்கம் இல்லபோல" என்று பதில் வந்தது.

வேலர் வந்த கதையை அவள் யாருக்கும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். அவளுடைய பூட்டனார் குதிரைக்காரர். தூர தேசத்திலிருந்து கப்பலில் குதிரைகளைக் கொண்டுவந்து ரங்கூன் துறைமுகத்தில் இறக்கி விற்கிற ரெங்கு துரை என்ற வெள்ளைக்காரரிடம் வேலை பார்த்தார். "வெள்ளைக்காரன்னாலும் முருக பக்தர். ரெங்கன்னு பேரு வச்சுக்கிட்டவராச்சே! கடைசிக் கப்பல்ல ஏறும்போது இந்த வேலை எங்க பூட்டன் கையில குடுத்து, 'பத்திரமா வச்சிரு, வருவேன்'னு சொல்லிட்டுப் போனாரு. பூட்டன் சாகுற வரைக்கும் 'எனக்குச் சோறு போட்டது வேலர், எனக்குச் சோறு போட்டது வேலர்'னே சொல்லிக்கிட்டிருந்தாராம்." சொல்லி முடித்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

அந்த வீட்டில் கன்று பிறந்தால் மூன்றாம் நாள் வேலர் அடையாளம் போடுவார்கள். பர்மாக்காரப் பெண்கள் கன்னத்தில் பூசிக்கொள்கிற தனக்காக் கட்டையைக் கல்லில் உரசி, குழம்பை வழித்து, வேலரை அதில் தோய்த்துக் கன்றின் இடது தோளில் ஓர் அழுத்து. தனக்கா காய்ந்ததும் மஞ்சள் நிறத்தில் வேலின் இலை தெரியும். "காயிற வரைக்கும் ஆடாம நில்லு" என்று கன்றைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும், அதுதான் மந்திரம். ஏன் இடது தோள் என்று கேட்டால், "அப்படித்தான்" என்பாள். அடையாளம் விழுந்தால் அது இந்த வீட்டு உயிர். அதற்குப் பிறகு விற்க மாட்டாள், கொடுக்க மாட்டாள்.

ரங்கூனிலேயே மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியின் ரயில்வே குடும்பத்துப் பிள்ளையான பழனியப்பன், ஒற்றைப் பெண்ணான அவளைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். தாலி கட்டிய கையோடு மாமனார் அவரைத் தொழுவத்துக்கு அழைத்துப்போனார். "பட்டுச் சட்டைங்க! எடது தோளுல அழுத்திட்டு, காயிற வரைக்கும் ஆடாம நில்லுடான்னாரு. மாட்டோட மாடா நானும் நின்னேன்" என்று இன்றும் தோளைத் தடவிக்கொண்டே சொல்லிச் சிரிப்பார். கல்யாண வீட்டில் அதுவரை அவரை 'மாப்பிள்ளை வாங்க' என்றவர்கள் அதற்குப் பிறகு 'வாடா' என்றார்களாம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மகள் சாந்தகுமாரி பேஸ்புக்கில் ஒரு படம் போட்டாள்.

சாந்தகுமாரிக்குக் கியாக்டடாவில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் வேலை. ஆங்கிலம் நன்றாக வரும், பர்மிய மொழி அதைவிட நன்றாக வரும், தமிழ் அம்மாவிடம் திட்டு வாங்குகிற அளவுக்கு வரும். தோளில் அடையாளத்தோடு நிற்கிற கன்றுக்குட்டி அழகாக இருக்கிறதே என்று போட்ட படம், கை மாறிக் கை மாறி, ஆஸ்திரேலியாவில் ஹெலன் என்ற அம்மாளின் கண்ணில் பட்டது. அறுபது வயது, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. 'இந்த அடையாளத்தை எங்கே எடுத்தீர்கள்? என் பூட்டனார் ரங்கூனுக்குக் கப்பலில் வந்து போனவர்' என்று எழுதினார். பிறகு விமானமே ஏறிவிட்டார்.

தை மாதத்து இளங்குளிரில், நீலச் சட்டையும் தொப்பியுமாகத் தொழுவத்துக்குள் நுழைந்தார் ஹெலன். அன்று விடியற்காலையில்தான் செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருந்தது. சத்யபாமா, "வாங்க, வாங்கம்மா, உக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டுவிட்டு, முதல் காரியமாகச் சாமியைக் காட்டினாள்.

"வேலர்!"

ஹெலன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "வேலர்! ஆமாம், ஆமாம், வேலர்!" என்று இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அடி ஆத்தி, இவங்களுக்கும் முருகனைத் தெரியுதுடி! துரை குடும்பமில்ல! வேலர்!"

"வேலர்! வேலர்!"

இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு குலுக்கினார்கள். ஒருத்தி சாமியைச் சொல்ல, இன்னொருத்தி குதிரையைச் சொல்ல, இருவர் கண்ணிலும் தண்ணீர். பழனியப்பன் தானும் ஒரு முறை "வேலர்" என்று சொல்லி வைத்தார். சாந்தகுமாரிக்குத்தான் ஏதோ இடித்தது. ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேட்டாள். அவள் முகம் மாறிப்போனது.

"மஹொபூ, மா. இல்லம்மா. இவங்க சொல்ற வேலர் சாமி இல்ல. குதிரை."

"என்னடி குதிரை?"

"அங்க நியூ சவுத் வேல்ஸ்னு ஒரு இடம் இருக்கு. அந்த வேல்ஸ்ல வளர்ற குதிரைக்கு வேலர்னு பேரு. பூட்டன் சொன்னது அதைத்தான். குதிரைதான் சோறு போட்டுச்சு."

"அப்ப இது?"

சாந்தகுமாரி தயங்கினாள். "சூட்டுக்கோல். நெருப்புல காய்ச்சிக் குதிரைக்குச் சூடு போடுறது. எடது தோளுல. வளைஞ்சு இருக்கறது அதுக்குத்தான். இது வேல் இல்ல, சீட்டுக்கட்டுல வருமே இஸ்பேட், அது. துரை மொத மொதல்ல ஒரு குதிரையைச் சீட்டாட்டத்துல ஜெயிச்சாராம். அந்த ஞாபகம்."

"அடப் பாவி மனுஷா!" என்றாள் சத்யபாமா. ரெங்கு துரையைத்தான்.

ஹெலன் கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தார். ஆளுயரத்துக்கு மேலே ஒரு குதிரை, பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர். குதிரையின் இடது தோளில் வேலர் இருந்தார். சந்தேகமே இல்லை, அதே இலை, அதே விளிம்பு. சத்யபாமா படத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெஞ்சில் விருந்தாளிக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு மெதுவாகப் பேச்சு வந்தது. ரெங்கு துரையின் பெயர் ரெங்கன் இல்லை, ரென்விக். ஸ்காட்லாந்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறிப் போனவர். புல்வெளியைப் பிடித்து ஆடு வளர்த்தார், ஆடு பெருகியதும் குதிரை வளர்த்தார், குதிரைகளைப் பட்டாளத்துக்கும் வண்டிக்காரர்களுக்கும் விற்றார். ஐந்து ஆண் பிள்ளைகள்.

"துரை கப்பல்ல போயிட்டா ஆட்டையும் குதிரையையும் யாரு பாத்தா?"

"அவர் மனைவி மார்கரெட்."

"அதானே பாத்தேன். பாடு அந்தம்மாவுக்கு, பேரு துரைக்கு." பழனியப்பனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "அவ்வளவு பூமியையும் துரை விலைக்கா வாங்குனாரு?"

சாந்தகுமாரி மொழிபெயர்த்ததும் ஹெலன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இல்லை. அங்கே முன்னமே ஜனங்கள் இருந்தார்கள். அவர்களை விரட்டித்தான்."

"திருப்பிக் குடுக்கலியா?"

"இல்லை."

சத்யபாமா எழுந்தாள். செவலையின் முதுகில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். பிள்ளைகளில் இருவர் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை என்றும், மழை பொய்த்துப் பொய்த்து நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது என்றும், கடைசியில் ஹெலனின் அண்ணன் வீட்டையும் சாமான்களையும் ஏலத்தில் விட்டுவிட்டார் என்றும் கேட்டுக்கொண்டாள். போகும்போது ஹெலன் மேடைக்குப் பக்கத்தில் நின்றார். தொட்டார்.

"கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. அந்த வீட்டிலிருந்து என் கையில் ஒரு பொருளும் இல்லை. இதை நான் எடுத்துப் போகலாமா?"

சாந்தகுமாரி இதை மொழிபெயர்க்காமலே இருந்துவிடலாமா என்று பார்த்தாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"நாளான்னிக்கு வாங்க" என்றாள் சத்யபாமா. அவ்வளவுதான்.

மறுநாள் தொழுவம் தொழுவமாக இல்லை. அவள் யாரையும் திட்டவில்லை. மயிலை காலைத் தூக்கிப் பால் செம்பில் வைத்தது; அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பசு மிரண்டுபோய்த் திரும்பிப் பார்த்தது. பழனியப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தா, சத்யா. கொல்லன்கிட்டச் சொன்னா அச்சு அசலா இன்னொண்ணு அடிச்சுத் தருவான். அந்தம்மாவுக்கு அதைக் குடுத்துடலாம். யாபாடே, ஒண்ணும் ஆகாது."

"சும்மா கெடங்க."

"இல்ல, சாமியே இல்லைன்னு ஆயிப்போச்சு. குடுத்துட்டாத்தான் என்ன?"

"யாரு சொன்னா சாமி இல்லைன்னு? நாலு தலைமுறை கும்பிட்டிருக்கோம். எனக்கு அம்மை போட்டப்ப இது காலடியிலதான் எங்கப்பா என்னைப் போட்டாரு. இரும்பா இருந்தது எப்பவோ. இப்பச் சாமி." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆனா, ஏங்க, அது நம்ம சாமி இல்லையே. 'பத்திரமா வச்சிரு, வருவேன்'னுதானே குடுத்தாரு? நானே எத்தனை பேருக்கு வாயால சொல்லியிருக்கேன்! ஒருநாளாச்சும் எனக்கு உறைச்சுதா? ஒரு கிண்ணத்தை ராத்தங்க விடாதவ, நூறு வருசமா அடுத்த வீட்டுப் பொருளை நடுவீட்ல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேனே!"

கரண்டிக்காகப் பஸ் ஏறிய மனிதருக்கு இதன் கனம் தெரியாதா? வேலர் போய்விட்டால் அவள் எப்படி இருப்பாள் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. போகாவிட்டால் எப்படி இருப்பாள் என்பதும் அதே அளவுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலை, உளியை வைத்துச் சிமெண்டைத் தட்டித் தட்டி அவளே வேலரைப் பெயர்த்தெடுத்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். பாலை ஊற்றினாள். மஞ்சள் துணியில் சுற்றி, வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பிடி அரிசியும் ஒரு மஞ்சள் கிழங்கும் வைத்துக் கட்டினாள். ஹெலன் வந்ததும் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ரெங்கு துரை பத்திரமா வச்சிருக்கச் சொன்னாரு. வச்சிருந்தோம். இந்தாங்க."

ஹெலன் வாங்கிக்கொண்டார். துணியைப் பிரித்தார். அரிசி சிதறாமல் ஓரமாக ஒதுக்கினார். மடியில் இரும்பை வைத்துக்கொண்டு நிறைய நேரம் உட்கார்ந்திருந்தார். அப்போது செவலையின் கன்று தத்தித் தத்தி வந்து அவர் தொப்பியை முகர்ந்தது. கல்லில் தனக்கா அரைத்து வைத்திருப்பதை ஹெலன் பார்த்தார். மூன்றாம் நாள் வழக்கத்தைச் சாந்தகுமாரி முன்னமே சொல்லியிருந்தாள்.

"இன்றைக்குத்தானே மூன்றாம் நாள்?"

"ஆமா. இனிமே அது உங்களுது. நீங்கதான் போடணும்."

ஹெலன் எழுந்தார். குழம்பில் தோய்த்தார். யாரும் சொல்லாமலே கன்றின் இடது பக்கம் போய் நின்று, தோளில் வைத்து அழுத்தி எடுத்தார். பளிச்சென்று விழுந்தது. அதைப் பார்த்ததும் அந்த அம்மாள் விம்மிவிட்டார். பிறகு வேலரைச் சத்யபாமாவிடம் நீட்டினார்.

"எங்கள் வீட்டில் இது சுடத்தான் சுட்டது. உங்கள் வீட்டில் ஒரு கன்றுக்குக்கூட வலிக்கவில்லை. எடுத்துப் போனால் என் வீட்டுச் சுவரில் சும்மா தொங்கும். இங்கேயே இருக்கட்டும்."

சாந்தகுமாரி சொல்லி முடிப்பதற்குள் சத்யபாமா இரண்டடி பின்னால் போய்விட்டாள். "அய்யய்யோ, வேண்டாம்மா. அடுத்தவங்க பொருள் என் வீட்ல ராத்தங்காது. எடுத்துட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஹெலன் நீட்டிய கையை மடக்கவில்லை. சத்யபாமா கையை நீட்டவில்லை. தனக்காக் குழம்பு இரும்பிலிருந்து தரையில் சொட்டியது. கன்று வாலை ஆட்டியது. பழனியப்பனுக்கோ சங்கடம் வந்தால் கை தானாகத் தோளுக்குப் போகும். இடது தோளைத் தடவிக்கொண்டு, அண்ணாந்து தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சத்யபாமா புருஷனைப் பார்த்தாள். அவர் தோளைப் பார்த்தாள். பிறகு ஹெலனைப் பார்த்தாள்.

விறுவிறுவென்று வந்து வேலரைப் பிடுங்கினாள். கல்லில் மிச்சமிருந்த குழம்பில் நன்றாகத் தோய்த்து, அந்த நீலச் சட்டையின் இடது தோளில் ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினாள். ஹெலன் திடுக்கிட்டு நகரப் பார்த்தார். சத்யபாமா அவர் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"காயிற வரைக்கும் ஆடாம நில்லுடி."